ஃபிடெலிட்டிக்கு 'விசுவாசம்' போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சொல் பகுதியில் 'ஃபிடெலிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு, 'விசுவாசம்' என்று ஒரே வரியில் பொருள் சொல்லி முடித்திருந்தீர்கள். உதாரணத்துக்கு நாய், மனைவி, வேலைக்காரர். அந்த வரிசையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மொழிபெயர்ப்பை வைத்துப் பிழைக்கிறவன் நான். இந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு.

சில மாதங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் பணி ஒப்பந்தம் மொழிபெயர்க்க வந்தது. ஊழியர் ஃபிடெலிட்டியோடு பணியாற்ற வேண்டும் என்று அதில் ஒரு ஷரத்து. கை தானாகவே 'விசுவாசமாக' என்று எழுதிவிட்டது. படித்துப் பார்த்தேன், அடித்தேன். 'உண்மையாக' என்று போட்டேன். பொய் சொல்லாமல் இருந்தால் போதும் என்று ஆகிவிடுகிறது. 'நேர்மையாக' என்று எழுதலாம் என்றால், அதற்கான ஆங்கிலச் சொல் அடுத்த வரியிலேயே தனியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு சொல்லுக்கு அரை நாள் போயிற்று.

விசுவாசத்தில் என்ன உறுத்தல் என்று கேட்கலாம். இன்று நாம் புழங்குகிற விசுவாசம் கீழேயிருந்து மேலே மட்டும்தான் போகும். நாய் எஜமானனுக்கு, தொண்டர் தலைவருக்கு, ஊழியர் முதலாளிக்கு. 'அந்த முதலாளி தன் ஊழியர்களுக்கு விசுவாசமாக இருந்தார்' என்று எழுதிப் பாருங்கள், அச்சுப்பிழையோ என்று தோன்றும். கற்பைப் பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றி வைத்ததும் இதே கதைதான். அதற்குள் போனால் கடிதம் முடியாது.

இத்தனைக்கும் விசுவாசம் என்ற வடசொல் பிறந்தபோது இப்படி இல்லை. 'சுவாசம்' அதற்குள்ளேயே இருக்கிறது பாருங்கள். பயமில்லாமல் மூச்சு விடுவது, அதனால் நம்புவது என்பதே அதன் வேர்ப்பொருள். நம்புகிறவனின் நிலையைச் சொன்ன சொல். தேவாலயத்தில் இன்றும் அப்படித்தான், விசுவாசி என்றால் நம்புகிறவர். வெளியே வந்தால் நம்பப்படுகிறவனின் கடமையாக அது மாறிவிடுகிறது.

ஃபிடெலிட்டியின் தாய்ச்சொல்லான லத்தீன் 'ஃபீடெஸ்' இரண்டையும் சேர்த்தே சுமந்தது. ஒருவர் வைக்கும் நம்பிக்கையும் ஃபீடெஸ்தான், மற்றவர் அதைக் காப்பாற்றுவதும் ஃபீடெஸ்தான். அதிலிருந்து 'ஃபிடேலிஸ்', அதிலிருந்து 'ஃபிடேலிட்டாஸ்', பிரெஞ்சு வழியாக 15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு. ரோமர்கள் ஃபீடெஸைத் தெய்வமாக்கிக் கோயில் கட்டினார்கள். அவளுக்குப் பலி கொடுக்கும் பூசாரிகள் கையை விரல் நுனி வரை துணியால் சுற்றியிருக்க வேண்டும். வாக்குக் கொடுக்கிற கை அல்லவா, அதில் கறை படக் கூடாது.

சொல்லில் இரண்டு பக்கமும் இருந்தால் நடப்பிலும் இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். கி.மு. 191-இல் ரோமிடம் தோற்ற ஏட்டோலியர் என்ற கிரேக்க மக்கள் சமாதானம் கேட்டுத் தூது போனார்கள். ரோமரின் ஃபீடெஸிடம் எங்களை ஒப்படைக்கிறோம் என்றார்கள். நம்பிக்கை என்பதற்குக் கிரேக்கத்தில் 'பிஸ்டிஸ்'. ஃபீடெஸும் பிஸ்டிஸும் ஒரே வேரிலிருந்து வந்த உடன்பிறப்புகள். நல்ல சொல்லாகத்தானே இருக்கிறது, கருணையோடு நடத்துவார்கள் என்று நினைத்துவிட்டார்கள். ரோமத் தளபதி கிளாப்ரியோ, இன்னின்னாரைப் பிடித்துக் கொடுங்கள் என்று உத்தரவு போட ஆரம்பித்தார். தூதர் ஃபைனியாஸ் குறுக்கிட்டு, நீங்கள் கேட்பது நியாயமும் இல்லை, கிரேக்கர் வழக்கமும் இல்லை என்றார். உடனே சங்கிலி கொண்டுவரச் சொன்னார் கிளாப்ரியோ. ஒவ்வொரு தூதர் கழுத்திலும் இரும்பு வளையம் மாட்டச் சொன்னார். எங்களிடம் ஒப்படைத்த பிறகு வழக்கம் என்ன, நியாயம் என்ன என்பது அவர் கேள்வி. உடனிருந்த அதிகாரிகள் தூதர்களுக்காகக் கெஞ்சியதால் அன்று தப்பித்தார்கள். இதை எழுதி வைத்த பொலிபியஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர், ரோமரின் ஃபீடெஸிடம் ஒப்படைப்பது என்றால் நிபந்தனையில்லாமல் சரணடைவது என்றுதான் பொருள், ஏட்டோலியருக்கு அது தெரியவில்லை என்கிறார். மொழிபெயர்ப்புப் பிழைக்குக் கழுத்தில் விலங்கு. என்னைப் போன்றவர்கள் அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டிய காட்சி.

பின்னால் நிலப்பிரபுக்கள் காலத்தில் ஃபிடேலிட்டாஸ் என்பது பிரபுவுக்குக் கீழே இருப்பவர் செய்து கொடுக்கும் சத்தியம் ஆயிற்று. அப்போதும் ஒருவருக்கு என் சந்தேகமே வந்திருக்கிறது. பிரான்ஸில் அக்குவிட்டேன் பிரபு வில்லியம், இந்தச் சத்தியத்துக்கு என்னதான் அர்த்தம் என்று கேட்டதற்கு, 1020 வாக்கில் சார்த்ர் ஆயர் ஃபுல்பெர் பதில் கடிதம் எழுதினார். சத்தியம் செய்தவர் பிரபுவின் உடலுக்குத் தீங்கு நினைக்கக் கூடாது, ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது, மானத்துக்கும் சொத்துக்கும் பங்கம் வரவிடக் கூடாது என்று அடுக்கிக்கொண்டே போகிறார். தீமை செய்யாமல் இருந்தால் மட்டும் போதாது, உதவியும் ஆலோசனையும் தரவேண்டும் என்கிறார். கடைசியில் வைத்தார் பாருங்கள்: இத்தனையும் பிரபுவும் திருப்பிச் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் அவரும் நம்பிக்கை கெட்டவர்தான். கேட்டவரே ஒரு பிரபு என்பதை மறந்துவிடாதீர்கள்.

அபிடவிட் என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்வதும் இந்தக் குடும்பம்தான். 'இவர் தன் ஃபீடெஸை அடகு வைத்துச் சொல்லியிருக்கிறார்' என்பது அதன் நேர்ப்பொருள். நிச்சயிக்கப்பட்டவரை ஃபியான்ஸே என்பதும், கான்ஃபிடென்ஸும், ஃபெடரலும் இதே வேர். 'பெர்ஃபிடி' என்று இன்னொன்று. அதைத் துரோகம் என்று மொழிபெயர்ப்பது எனக்குப் பிடிக்காது, 'நம்பவைத்துக் கழுத்தறுப்பது' என்று நம்மிடம் அச்சாக அதே பொருளில் ஒரு தொடர் இருக்கிறதே. போர் விதிகளைச் சொல்லும் ஜெனீவா உடன்படிக்கைகளோடு 1977-இல் சேர்த்த நெறிமுறை பெர்ஃபிடியை விளக்குவதும் ஏறக்குறைய இப்படித்தான்: எதிரியின் நம்பிக்கையை வேண்டுமென்றே வரவழைத்து, அதை வைத்தே அவரைக் கொல்வது. காயம்பட்டவர் போல நடிப்பது அங்கே கொடுத்திருக்கும் உதாரணங்களில் ஒன்று.

ஒரு சின்னத் திருத்தமும் உண்டு. வைஃபை என்பது 'வயர்லெஸ் ஃபிடெலிட்டி'யின் சுருக்கம் என்று எழுதியிருந்தீர்கள். இல்லை. ஒலியை மூலத்துக்கு மிக நெருக்கமாகத் திருப்பித் தருகிற கருவிகளுக்கு, 'ஹை ஃபிடெலிட்டி'யைச் சுருக்கி ஹைஃபை என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது. 1999-இல் பெயர் சூட்டும் நிறுவனம் ஒன்று அதன் ஓசைக்கு எதுகையாக வைத்ததுதான் வைஃபை. விரிவை விளம்பர வாசகத்தில் பிறகு ஒட்டவைத்தார்கள். பிள்ளை பிறந்த பிறகு ஜாதகம் எழுதலாம், இவர்கள் தாத்தாவையே புதிதாக உண்டாக்கிவிட்டார்கள்.

சரி, என் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். கடைசியில் நான் போட்ட சொல் 'நாணயம்'. கடன் கொடுத்தவரும் நாணயமாக இருக்கலாம், வாங்கியவரும் இருக்கலாம். முதலாளியைச் சொன்னால் சிரிப்பு வராது, ஊழியரைச் சொன்னால் வால் முளைக்காது. காசுக்கும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். ரோமர்களோ ஃபீடெஸைக் காசிலேயே பொறித்தார்கள். கி.பி. 69-இல் வந்த காசுகளில் இரண்டு வலக்கைகள் பற்றிக்கொண்டிருக்கும், சுற்றிலும் 'படைகளின் ஃபீடெஸ்' என்று எழுத்து. அந்த ஒரு வருடத்தில் மட்டும் ரோமுக்கு நான்கு பேரரசர்கள். படைகள் எவ்வளவு நாணயமாக இருந்தன என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

'நாணயத்தோடு பணியாற்ற வேண்டும்' என்று எழுதி, கீழே 'மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு' என்று வழக்கம்போல் கையெழுத்தும் போட்டு அனுப்பினேன். பத்து நாளில் அச்சுப்படி ஒன்று பார்வைக்கு வந்தது. வேறெதிலும் கை வைக்கவில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் யாரோ அடித்துவிட்டு, 'விசுவாசத்தோடு' என்று மாற்றியிருந்தார்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்,
மொழிபெயர்ப்பாளன் ஒருவன்