எழுதக் கற்றுத்தருபவருக்கு ஒரு விருது

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டு விழாவில் புதிதாக ஒரு விருது தருகிறோம். பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுத்தருவது எப்படி என்று தன் வகுப்பிலேயே ஆராய்ந்து, அதை டிஜிட்டல் வடிவில் பதிவு செய்த ஆசிரியருக்கு அது போகும். "வீடியோ எடுத்ததற்கெல்லாம் விருதா?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

திருத்திய நோட்டில் சிவப்பு மை தெரியும். பிள்ளை எங்கே தயங்கியது என்பது தெரியாது. எட்டாம் வகுப்பு ஆசிரியை ஒருவரின் பதிவில், திரையில் ஒரு மாணவி 'பாட்டி மிகவும் நல்லவர்' என்று தட்டிவிட்டு நிற்கிறாள். "எதை வைச்சு அப்படிச் சொல்றே?" என்கிறார் ஆசிரியை. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அந்த வரி அழிகிறது. 'நான் தூங்கும்வரை பாட்டி விளக்கை அணைக்க மாட்டார்' என்று வருகிறது. அந்தக் கேள்வியை ஏன் அங்கே கேட்டார், இன்னொரு மாணவனிடம் அதே கேள்வி ஏன் எடுபடவில்லை என்பதைப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார். (மாணவியும் வீட்டாரும் சம்மதித்ததால்தான் இதைச் சொல்கிறேன்.) அச்சில் போட்டால் அந்தத் தயக்கம் போய்விடும்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. 1996-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'கைரோஸ்' என்ற ஆய்விதழ் இணையத்தில் மட்டுமே வருகிறது. எழுதக் கற்பித்தல், தொழில்நுட்பம் பற்றி ஒலி, படம், இணைப்புகளோடு உருவாகும் ஆய்வுகளை வெளியிட்டு, சிறந்தவற்றுக்கு விருதும் தருகிறது. வடிவமைப்பையும் வாதத்தின் பகுதியாகவே அங்கே பார்க்கிறார்கள்.

எங்கள் தேர்வுக் குழு பின்னணி இசைக்கும் மின்னும் எழுத்துக்கும் மதிப்பெண் தராது. எனக்கு அவை தலைவலி என்பது வேறு விஷயம். ஒலி இருந்தால் அதன் எழுத்து வடிவமும் வேண்டும். படத்துக்கு விளக்கம் வேண்டும். காது கேளாதவரும் பார்வையற்றவரும் ஆய்வைப் பின்தொடர முடியவேண்டும் அல்லவா? பலிக்காத பாடத்தை மறைக்காமல் காட்டியவருக்குத்தான் என் ஓட்டு.

சரி, உங்களிடம் கேட்கவேண்டியதற்கு வருகிறேன். பிள்ளைகளின் வரைவுகளைப் பதிவுகளில் சேர்க்க உங்கள் அனுமதி தேவை. பெயரும் முகமும் வராது. முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். மறுப்பதால் மதிப்பெண் குறையாது. இத்துடன் உள்ள படிவத்தை, சம்மதமானாலும் இல்லையென்றாலும், வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்