ரெசிடென்ட் பாடம் எடுக்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?

முதுநிலை மருத்துவப் பயிற்சியை நடத்தும் துறைத் தலைவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு ரெசிடென்ட் (முதுநிலைப் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்) முதன்முதலாக லம்பார் பங்ச்சர் (கீழ்முதுகில் ஊசி இறக்கித் தண்டுவட நீர் எடுப்பது) செய்யும்போது பக்கத்தில் சீனியர் ஒருவர் நிற்கிறார். எந்த இடைவெளியில் ஊசி இறங்குகிறது, நோயாளியின் முதுகு சரியாக வளைந்திருக்கிறதா, கை நடுங்குகிறதா என்று பார்க்கிறார். மேற்பார்வையில் சில முறை செய்து காட்டிய பிறகுதான் அவருடைய பயிற்சிப் பதிவேடான லாக் புக்கில் கையெழுத்து விழும். அதே ரெசிடென்ட் அன்று மாலை நாலைந்து மாணவர்களை ஒரு கட்டிலைச் சுற்றி நிறுத்திப் பாடம் எடுக்கிறார். அதைப் பார்க்க யாரும் வருவதில்லை. அன்று மட்டுமல்ல, பயிற்சிக்காலம் முடியும்வரை அவர் பாடம் எடுப்பதை ஒரு மூத்தவர்கூட நின்று பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் வார்டில் பாதிப் பாடம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. நாம் ரவுண்ட்ஸ் முடித்துவிட்டுப் போய்விடுகிறோம். கேஸ் ஷீட் எழுதுவது எப்படி, நள்ளிரவில் வந்த ஈசிஜியை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது, யாரை எப்போது எழுப்பலாம், இறப்புச் செய்தியை உறவினரிடம் எப்படிச் சொல்வது என்பதையெல்லாம் மாணவர்கள் கற்பது ரெசிடென்ட்களிடம். அவர்கள் கற்றுக்கொடுக்க நினைக்காததும் சேர்ந்தே போய்ச் சேருகிறது. வயிற்றைப் பரிசோதித்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடுகிறாரா, அப்படியே விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறாரா என்பதும் பாடம்தான்.

இதில் ரெசிடென்ட்களுக்கு நம்மைவிட ஒரு வசதி உண்டு. மைட்ரல் ஸ்டெனோசிஸ் (இதய வால்வு ஒன்று குறுகிப்போவது) உண்டாக்கும் முணுமுணுப்பை நாம் முப்பது வருடமாகக் கேட்டுவிட்டோம். “இதோ, தெளிவா கேக்குதே” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். மாணவருக்கு எதுவும் கேட்டிருக்காது, கேட்டதாகத் தலையாட்டுவார். ரெசிடென்ட்டுக்கு அது முதலில் கேட்காமல் இருந்த நாள் இன்னும் நினைவிருக்கும். நோயாளியை இடப்பக்கம் சாய்க்கச் சொல்வார். ஸ்டெத்தின் பெல் பக்கத்தை அழுத்தாமல் லேசாக வைக்கச் சொல்வார். மூச்சை வெளியே விட்டு நிறுத்தும்போது கேட்கச் சொல்வார். அவர் தடுமாறிய இடத்தில்தான் மாணவரும் தடுமாறுகிறார். இந்த நெருக்கம் சில வருடங்களில் போய்விடும். இருக்கும்போது பயன்படுத்திக்கொள்ள வேண்டாமா?

‘ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்றுக்கொடு’ என்று அறுவைச் சிகிச்சைப் பயிற்சியில் ஒரு பழைய வாசகம் உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஹால்ஸ்டெட் உருவாக்கிய ரெசிடென்சி முறையோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு நோயாளி மேல் கை வைப்பது ஆபத்து என்று இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். அதனால் முதல் இரண்டு பகுதிகளையும் மாற்றிவிட்டோம்: பொம்மையில் பயிற்சி, படிப்படியான மேற்பார்வை, செக்லிஸ்ட் எல்லாம் வந்துவிட்டன. மூன்றாவது பகுதி மட்டும் அப்படியே கிடக்கிறது. கற்றுக்கொடுப்பது தானாக வந்துவிடும் என்று இன்றும் நம்புகிறோம்.

இல்லை, நாங்கள் பயிலரங்கம் நடத்துகிறோமே என்பீர்கள். நடத்துகிறீர்கள், தெரியும். அரை நாள், எண்பது ஸ்லைடு, கடைசியில் சான்றிதழ். ‘விரிவுரையாக மட்டும் நடத்தாதீர்கள்’ என்பதையே விரிவுரையாக நடத்தும் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே சொல்லப்படும் விஷயம் தவறில்லை. 1992இல் அமெரிக்க மருத்துவ ஆசிரியர் நெஹரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட, நோயாளியை வைத்துச் சுருக்கமாகக் கற்பிக்கும் ‘ஒரு நிமிட’ முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மாணவரை ஒரு முடிவுக்கு வரவைப்பது, பிறகு காரணம் கேட்பது, ஒரு பொது விதியைச் சொல்வது, சரியாகச் செய்ததைச் சுட்டிக்காட்டுவது, தவறைத் திருத்துவது. ஐந்தே படிகள். வார்டில் அது இப்படி இருக்கும்:

“சரி, இவருக்கு என்னன்னு நினைக்கிற?”

“ஹார்ட் ஃபெயிலியர் மேடம்.”

“எதை வெச்சுச் சொல்ற?”

“ரெண்டு காலும் வீங்கியிருக்கு. படுத்தா மூச்சு வாங்குதுன்னு சொன்னார்.”

“கால் வீக்கம் சிறுநீரகப் பிரச்சனையிலும் வரும், கல்லீரல் பிரச்சனையிலும் வரும், சில ரத்த அழுத்த மாத்திரையாலும் வரும். அதை மட்டும் நம்பாதே. படுத்தா மூச்சு வாங்குதான்னு நீயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டே பாரு, அது நல்ல கேள்வி. ஆனா கழுத்து ரத்தக்குழாயை நீ பாக்கலை. வா, தலைப்பக்கத்தை நாற்பத்தைந்து டிகிரிக்கு உயர்த்திப் பார்க்கலாம்.”

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. படிக்கும்போது சுலபம்தான். பதினோரு அட்மிஷன் காத்திருக்க, பாக்கெட்டில் போன் அடித்துக்கொண்டே இருக்க, இதைச் செய்வது வேறு. அப்போது முதலில் காணாமல் போவது முதல் படி. கேள்வியைக் கேட்டுவிட்டு, மாணவர் வாயைத் திறப்பதற்குள் ரெசிடென்ட்டே பதிலைச் சொல்லிவிடுவார். பள்ளி வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ 1970களிலேயே இதைக் கவனித்து எழுதினார்: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீள்கின்றன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். தான் காத்திருக்கவில்லை என்பது கேட்டவருக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

அதனால் நான் கேட்பது இன்னொரு பயிலரங்கம் அல்ல. ரெசிடென்ட் பாடம் எடுக்கும்போது ஒரு பத்து நிமிடம் யாராவது ஓரமாக நின்று பார்க்க வேண்டும், நடுவில் வாய் திறக்காமல். முடிந்ததும் நோயாளியும் மாணவர்களும் இல்லாத இடத்தில் இரண்டு விஷயம் சொன்னால் போதும். “நல்லா எடுத்தீங்க” என்பது கணக்கில் வராது. அதை வைத்துக்கொண்டு அவர் நாளைக்கு எதையும் மாற்ற முடியாது. “மூன்று கேள்விக்கும் நீங்களே பதில் சொன்னீர்கள்”, “பின்னால் நின்ற பெண்ணைக் கடைசிவரை பார்க்கவே இல்லை”, “நோயாளி விழித்திருக்கும்போதே புற்றுநோயாக இருக்கலாம் என்று பேசினீர்கள்” என்ற மாதிரி, பார்த்ததைச் சொல்ல வேண்டும். இதுவும் லாக் புக்கில் ஏறட்டும், லம்பார் பங்ச்சருக்குப் பக்கத்திலேயே.

செய்முறை கற்பிக்கும்போது இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். செய்முறை கற்பிக்க பெய்டன் என்ற மருத்துவர் வகுத்த நான்கு படி முறை பலருக்கும் தெரிந்ததே: பேசாமல் செய்து காட்டு, விளக்கிக்கொண்டே செய், மாணவர் சொல்லச் சொல்ல நீ செய், கடைசியில் அவரைச் செய்ய விடு. அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போவது மூன்றாவதை. மாணவர் வாயால் சொல்லும்போதுதான் அவருக்கு எந்தப் படி புரியவில்லை என்பது ஊசி உள்ளே போவதற்கு முன்பே வெளியே வரும். (பொம்மையில் செய்யுங்கள். விழித்திருக்கும் நோயாளி மேல் இந்தச் சொற்பொழிவு வேண்டாம்.)

அப்புறம், மாணவர் எதைக் கற்க வந்திருக்கிறார் என்பதையாவது ரெசிடென்ட்டிடம் சொல்லுங்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் எல்சிஎம்இ, மாணவர்களுக்குக் கற்பிக்கும் ரெசிடென்ட்களுக்குப் பாட நோக்கங்கள் தெரிந்திருக்க வேண்டும், கற்பிக்க அவர்களைத் தயார்படுத்தியிருக்க வேண்டும் என்பதை விதியாகவே வைத்திருக்கிறது. பல இடங்களில் வந்து நிற்பது எந்த வருட மாணவர் என்பதே ரெசிடென்ட்டுக்குத் தெரியாது.

நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. முப்பது மணி நேரம் தூங்காதவரிடம் நல்ல பாடத்தை எதிர்பார்க்கவும் முடியாது. எனவே டியூட்டி முடிந்து கிளம்பும் ரெசிடென்ட் தலையில் இதைக் கட்டாதீர்கள். டியூட்டிப் பட்டியலிலேயே கற்பிக்கும் நேரத்தைக் குறியுங்கள், அந்த நேரத்துக்கு போனை வேறொருவர் எடுக்கட்டும். அதே பட்டியலில், பார்க்கப் போகும் ஆசிரியரின் பெயரும் இருக்கட்டும். பெயர் இல்லாவிட்டால் யாரும் போகமாட்டார்கள்.

இதற்கு மதிப்பெண் மட்டும் போடாதீர்கள். போட்டால் நாம் வரும் நாளுக்கென்று ஒரு பாடம் தயாராகும். மற்ற நாட்களில் பழையபடியேதான் நடக்கும்.

இப்படிக்கு,
வார்டில் பாடம் எடுக்கும் ஒரு பொது மருத்துவ ஆசிரியர்