எம்.ஏ. சேர்க்கையில் தேர்வு முடிவு வராத மாணவர்களையும் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ளக் கோரும் மனு

அனுப்புநர்:
கணினி மையம் நடத்தும் பெண்,
கல்வராயன் மலை அடிவாரம்.

பெறுநர்:
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம்,
புனித ஜார்ஜ் கோட்டை,
சென்னை – 600 009.

பொருள்: அரசு கலை மற்றும் அறிவியல் கல்லூரிகள் – இரண்டாண்டு எம்.ஏ. சேர்க்கை – பல்கலைக்கழகத் தேர்வு முடிவு தாமதமாகும் மாணவர்களைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ளவும், எந்தப் பட்டம் படித்தவர் எந்த எம்.ஏ.வுக்கு வரலாம் என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே அறிவிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கல்வராயன் மலை அடிவாரத்தில் நான் ஒரு சின்ன நெட் சென்டர் வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு ஸ்கேனர், அவ்வளவுதான். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே கடை இருப்பதால், வெள்ளிமலை, கருமந்துறைப் பக்கமிருந்து இறங்கி வரும் பிள்ளைகள் முதலில் என்னிடம்தான் வருவார்கள். ப்ளஸ் டூ முடித்ததும் பி.ஏ.வுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்த அதே பிள்ளைகளுக்கு, மூன்று வருடம் கழித்து எம்.ஏ.வுக்கும் நானே போட்டுக் கொடுக்கிறேன். அப்படிப் பார்த்ததைத்தான் இந்த மனுவில் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2020இல் கொரோனா நேரத்தில் அரசுக் கல்லூரிச் சேர்க்கை ஆன்லைனுக்கு வந்தது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. அதற்கு முன்னால் கல்லூரி கல்லூரியாகப் போய் வரிசையில் நின்று விண்ணப்பம் வாங்க வேண்டும். பஸ் செலவே நூறு நூறாகப் போய்விடும். இப்போது எம்.ஏ.வுக்கு விண்ணப்பக் கட்டணம் 58 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும்தான். இதைவிடக் குறைவாக யாரும் கேட்க முடியாது. கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். அந்தக் கதவு வரைக்கும் வந்த பிள்ளை ஒரு தாள் வரவில்லை என்பதற்காகத் திரும்பிப் போகிறாளே என்பதுதான் என் வருத்தம்.

போன ஆடி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். மலை மேலிருந்து வரும் ஒரு பெண், பி.ஏ. வரலாறு முடித்தவள். ஐந்து பருவத் தேர்விலும் ஒரு அரியர்கூட இல்லை. பகுதி மூன்று, அதாவது தமிழும் ஆங்கிலமும் போக முதன்மைப் பாடத்துக்கும் அதன் சார்புப் பாடத்துக்கும் வாங்கிய மதிப்பெண்ணை நானே கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்தேன், 78 சதவீதம் வந்தது. ஆறாம் பருவத்தில் ஐந்து தாள். நான்கு தாளுக்கு முடிவு வந்துவிட்டது. ஐந்தாவது தாளுக்கு நேரே 'நிறுத்திவைப்பு' என்று இருந்தது. தேர்வை அவள் எழுதியிருக்கிறாள். கல்லூரியிலேயே போடும் அகமதிப்பீட்டு மதிப்பெண் 25க்கு எவ்வளவு என்பது மட்டும் ஏதோ ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்ச் சேரவில்லை. அவள் செய்த தவறு அதில் ஒன்றுமே இல்லை.

சரி, விண்ணப்பத்தைப் போட்டோம். அதுவும் லேசில் முடியவில்லை. ஓ.டி.பி. அவள் அப்பாவின் போனுக்குப் போனது; அவர் கேரளாவுக்குத் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். மூன்று முறை அனுப்பிய பிறகு நான்காவது முறைதான் அவர் எடுத்து எண்ணைச் சொன்னார். தரவரிசைப் பட்டியலில் அவள் பெயர் மேலேயே இருந்தது. கலந்தாய்வுக்கு நாளைக்கு வரச் சொல்லி முந்தின நாள் சாயங்காலம் செய்தி வந்தது. மலையில் சிக்னல் கிடையாது, என் கடைக்கு வந்த ஒரு பையனிடம் சொல்லியனுப்பினேன். விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள். மார்க் ஷீட்டுகளை லேமினேஷன் செய்யாதே என்று நான் சொல்லியிருந்ததால், துணிக்கடைப் பைக்குள் ஒரு காலண்டர் அட்டையை வைத்து, மடங்காமல் கொண்டுவந்திருந்தாள்.

நானும் கூடப் போனேன். அங்கிருந்த பேராசிரியர்கள் கடுமையாக ஒன்றும் பேசவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒருவர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால், "தேர்ச்சி பெற்றதற்கான அத்தாட்சி இல்லாமல் சேர்க்க எங்களுக்கு அதிகாரம் இல்லம்மா, கைவசம் அப்படி ஓர் உத்தரவு இருந்தால் இப்போதே சேர்த்துக்கொள்வோம்" என்றார்கள். அந்த உத்தரவைக் கேட்டுத்தான் இன்று உங்களுக்கு எழுதுகிறேன்.

பதினோரு நாள் கழித்து முடிவு வந்தது. அந்தத் தாளில் 71. என் கடையில்தான் பிரிண்ட் எடுத்தோம். அதற்குள் இடங்கள் நிரம்பிவிட்டன. இப்போது அவள் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறாள். அடுத்த வருடம் போடலாம் என்று நான் சொல்கிறேன். வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இவள் ஒருத்தியின் கதை என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். மறுமதிப்பீட்டுக்கு எழுதிப்போட்டுக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கடைசிப் பருவத்தில் ஒரே ஒரு தாள் போய், சில பல்கலைக்கழகங்களில் நடக்கும் உடனடித் தேர்வை எழுதி, அதன் முடிவுக்காக உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். முடிவு வந்தும் தற்காலிகப் பட்டச் சான்றிதழும் மொத்த மதிப்பெண் பட்டியலும் கைக்கு வராதவர்கள் இருக்கிறார்கள். பதினாறு வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் நின்றேன். எனக்கு மறுமதிப்பீட்டில் மார்க் வந்தபோது எம்.ஏ. தமிழ் வகுப்பு தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. பிற்பாடு அஞ்சல் வழியில் படித்து முடித்தேன். அஞ்சல்வழிப் படிப்பைக் குறைத்துச் சொல்லவில்லை, அது எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கவும், சந்தேகத்தை ஆசிரியரிடம் அப்போதே கேட்கவும் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மலைப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சேர்ந்தே போய்விடுகிறது. சமூகநீதி விடுதிகள் என்று இப்போது பெயர் மாற்றியிருக்கிறீர்களே, அந்த விடுதியில் சாப்பாடும் தங்குமிடமும் கிடைப்பது தினசரிக் கல்லூரியில் இடம் கிடைத்தால்தான். இடம் போனால் விடுதியும் போகும். விடுதி இல்லாமல் வெள்ளிமலையிலிருந்து தினமும் போய்வந்து எம்.ஏ. படிப்பது நடக்கிற காரியம் இல்லை.

இதில் ஏற்றத்தாழ்வும் இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்தித் தாங்களே முடிவு வெளியிடுவதால், அங்கே படித்தவர்களுக்குப் பெரும்பாலும் சீக்கிரமே எல்லாச் சான்றிதழும் கையில் வந்துவிடும். பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் படித்தவர்கள், பல மாவட்டங்களின் விடைத்தாள்கள் திருத்தி முடியும் வரை காத்திருக்க வேண்டும். கிராமத்துக்கும் மலைக்கும் பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். ஒரே பாடத்தை, ஒரே உழைப்போடு படித்த இரண்டு பேரில், எந்தக் கல்லூரியில் படித்தார் என்பதை வைத்து ஒருவர் மட்டும் கலந்தாய்வுக்கு முழுத் தாளோடு வருகிறார்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் எம்.ஏ.வுக்கு நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். கடைசி வருடம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே அதை எழுதலாம்; இறுதி மதிப்பெண்ணைப் பிறகு குறிப்பிட்ட நாளுக்குள் கொடுத்தால் போதும். நுழைவுத் தேர்வு வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. வேண்டவே வேண்டாம், எங்கள் பிள்ளைகளால் அதற்குத் தனியாகப் பயிற்சிக்குப் பணம் கட்ட முடியாது. மதிப்பெண் அடிப்படையில் சேர்ப்பதுதான் நியாயம். அந்தக் காத்திருக்கும் ஏற்பாட்டை மட்டும் நம் அரசுக் கல்லூரிகளுக்கும் கொண்டுவர வேண்டும் என்று கேட்கிறேன்.

என் வேண்டுகோள் இதுதான். எம்.ஏ. தரவரிசையை எல்லோருக்கும் முதல் ஐந்து பருவங்களின் பகுதி மூன்று மதிப்பெண்ணை வைத்துப் போடலாம். அப்போது ஆறாம் பருவ முடிவு வந்தவர், வராதவர் என்ற பேதம் இருக்காது. ஐந்து பருவத்திலும் தேர்ச்சி பெற்று, கடைசிப் பருவ முடிவுக்காக மட்டும் காத்திருப்பவரைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு, செப்டம்பர் 30 வரை அவகாசம் கொடுக்கலாம். அதற்குள் தேர்ச்சிச் சான்று தராவிட்டால் அந்த இடம், அதே இட ஒதுக்கீட்டுப் பிரிவில் அடுத்து இருப்பவருக்குப் போகட்டும். இதை மாணவரிடம் முதல் நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள்.

அவர் தோற்றுப்போனால் இடம் வீணாகுமே என்று அலுவலகத்தில் யாராவது கேட்கலாம். ஐந்து பருவம் ஒரே மூச்சில் தேறியவர் ஆறாவதில் தோற்பது அபூர்வம். அப்படியே தோற்றாலும், பட்டியலில் அடுத்தவருக்கு ஒரு மாதம் தாமதமாக இடம் கிடைக்கும். இப்போதோ தேறிய பிள்ளைக்கே ஒரு வருடம் போகிறது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஒரு வருடம் போவதென்றால் பல நேரம் படிப்பே போய்விட்டது என்று அர்த்தம்.

முடிவு வந்தும் சான்றிதழ் வராதவர்களுக்கு, பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து எடுத்த மதிப்பெண் நகலில் அவர் படித்த கல்லூரி முதல்வர் கையெழுத்திட்டு முத்திரை வைத்தால் அதை ஏற்றுக்கொள்ளும்படி எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே மாதிரி உத்தரவு போக வேண்டும். இப்போது ஒரு கல்லூரி ஏற்றுக்கொள்கிறது, இன்னொன்று மறுக்கிறது. பல்கலைக்கழகங்கள் முடிவு வெளியிடுவதும் கல்லூரிகள் சேர்க்கை நடத்துவதும் தனித்தனி இடங்களில் நடந்தாலும், இரண்டும் கடைசியில் உங்கள் துறைக்குத்தான் வருகின்றன. அதனால்தான் கல்லூரி முதல்வருக்கோ பதிவாளருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதினேன்.

அப்புறம், தகுதிப் பட்டம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே பாடத்துக்குப் பல்கலைக்கழகம்தோறும் வேறு வேறு பெயர். ஓரிடத்தில் பி.ஏ. வரலாறு, இன்னோரிடத்தில் வரலாற்றியல், வேறோரிடத்தில் வரலாறும் சுற்றுலாவும். பொருளியலிலும் இப்படித்தான். பகுதி ஒன்றில் தமிழ் படித்த வேறு பட்டதாரி எம்.ஏ. தமிழுக்கு வரலாமா, பகுதி இரண்டில் ஆங்கிலம் படித்தவர் எம்.ஏ. ஆங்கிலத்துக்கு வரலாமா என்று கேட்டால், கல்லூரிக்குக் கல்லூரி பதில் மாறுகிறது. பிள்ளைகள் 60 ரூபாய் கட்டி, தரவரிசையில் பெயரும் வந்து, கலந்தாய்வு மேசையில்தான் "இந்தப் பட்டம் செல்லாது, கேட்ட பட்டத்துக்கு இது சமம் என்று இணைத்தன்மைச் சான்று கொண்டு வா" என்று சொல்லக் கேட்டுத் திரும்புகிறார்கள். ஒரே நாளில் அந்தச் சான்றுக்கு யாரிடம் போவார்கள்? எந்த எம்.ஏ.வுக்கு எந்தெந்தப் பட்டப் பெயர்கள் ஏற்கத்தக்கவை, யாருக்கு முன்னுரிமை, மற்றவர்களுக்கு இடம் மிஞ்சினால் மட்டுமா என்பதை விண்ணப்பம் தொடங்கும் நாளிலேயே தமிழில், ஒரே பட்டியலாக வெளியிட வேண்டுகிறேன். கலந்தாய்வு நாளையும் குறைந்தது மூன்று நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியர் அலுவலகத்தில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் சொன்னால் விட்டுப்போன ஒரு தாளைக்கூடத் தேடி எடுக்க நேரம் இருக்காது.

2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறீர்கள். என் கடையில் பாஸ்புக் பிரதி எடுக்க வரும் பெண்களின் முகத்தில் அந்தப் பணத்தின் அருமை தெரியும். அது இளநிலைப் படிப்போடு நின்றுவிடுகிறது. எம்.ஏ. சேரும் அரசுப் பள்ளிப் பெண்களுக்கும் நீட்டிக்க முடியுமா என்று சம்பந்தப்பட்ட துறையோடு பேசிப் பார்க்க வேண்டுகிறேன். இது மேலே கேட்டதற்கு நிபந்தனை இல்லை. முதலில் அவர்கள் உள்ளே வரட்டும்.

அடுத்த சேர்க்கை அறிவிப்பு வருவதற்கு முன்பே இதற்கான ஆணை வந்துவிட்டால், அதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கடை வாசலில் ஒட்டிவைப்பேன். ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் அந்தப் பெண்ணின் ஐந்து மார்க் ஷீட்டும், பிறகு வந்த ஆறாவதும் என் கடை பீரோவில்தான் இருக்கின்றன. அந்தக் காலண்டர் அட்டையோடு, மடங்காமல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மனுதாரர்