பாயைப் பார்த்து இடம் ஒதுக்காதீர்கள்: வன்னியில் யோக வகுப்பு நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய யோக ஆசிரியர்களுக்கும் வகுப்புகளை ஒழுங்கு செய்யும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். கிளிநொச்சி மாவட்டக் கிராமமொன்றின் பொதுநோக்கு மண்டபத்தில் இரண்டு ஆண்டுகளாக யோகப் பயிற்சிக்குப் போய்வரும் பெண் நான். பல வருடங்களாகத் தொலைந்திருந்த நித்திரையை இந்த வகுப்புத்தான் எனக்கு மீட்டுத் தந்தது. அந்த நன்றியோடுதான் என் மனக்குறையையும் எழுதுகிறேன்.

கடந்த ஆனியில், யூன் 21ஆம் திகதி யோகா தினத்துக்காக, வெள்ளை ரீசேர்ட்டும் யோகா விரிப்பும் கட்டாயம் என்று அறிவித்தலில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. கச்சான் பிடுங்கும் கூலி வேலைக்குப் போகும் அக்கா ஒருவர், நாரிப்பிடிப்புக்கு (இடுப்பு நோவுக்கு) நல்லதென்று எங்களோடு வந்துகொண்டிருந்தார். அவர் கொண்டுவருவது தானே இழைத்த பனையோலைப் பாய். மண்டபத்து மாபிள் தரையில் அது வழுக்காதிருக்க, ஈரமாக்கிய சாக்கொன்றை அதன் கீழே மடித்து வைப்பார். அன்று படம் எடுக்கும் நேரத்தில் அவரைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னார்கள். பாயைச் சுருட்டி, சாக்கை உதறி, ஒரு சொல்லும் பேசாமல் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனவர் பிறகு வரவேயில்லை. நுண்கடன் கட்டுக்காசுக்காகக் கிழமைதோறும் படலையடியில் ஆள் வந்து நிற்கும் வீட்டிலிருந்து அந்த விரிப்பை வாங்கச் சொன்னவர்கள், அதன் விலை எத்தனை நாட் கூலி என்று கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.

யோக சூத்திரத்தில் பதஞ்சலி சொல்லும் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவதாகவே வருகிறது. விலக்க வேண்டியவற்றைச் சொல்லும் இயமமும் கைக்கொள்ள வேண்டியவற்றைச் சொல்லும் நியமமும் அதற்கு முன்னே நிற்கின்றன. இயமம் ஐந்தில் ஒன்று தேவைக்கு மேல் சேர்க்காமை. நியமத்தில் ஒன்று இருப்பதில் நிறைவு கொள்ளல். திருமூலர் தமது திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இயமத்தை விரிக்கையில், கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமையோடு பகுத்துண்ணலையும் நடுநிலையையும் சேர்த்தே வைக்கிறார். ஹடயோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூல் பயிற்சிக்குக் கேட்கும் இடம் சாணமிட்டு நன்றாக மெழுகிய, துப்புரவான சிறிய குடில். அந்த அக்காவின் வீட்டுத் திண்ணை அப்படித்தான் இருக்கிறது.

இவற்றைச் சொல்லிப் பொருள் உள்ளவர்களை இகழ எனக்கு உரிமையில்லை, ஏனெனில் அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். சுவிசிலிருந்து தமையன் அனுப்பிய தடித்த விரிப்போடு வரும் ஒரு தங்கச்சியை, வெளிநாட்டுக் காசின் எடுப்பு என்று பல மாதங்கள் மனதுக்குள் பழித்தேன். ஒருநாள் முழந்தாளில் நிற்கும் ஆசனத்தின்போது அவர் விரிப்பின் ஓரத்தை இரண்டாக மடித்து வலது முழந்தாளின் கீழ் மெதுவாகச் செருகியதைக் கண்டேன். அந்த முழங்காலுக்குள் செல் (எறிகணை) துண்டு இன்னும் இருக்கிறது. வெறுந்தரையில் ஊன்ற அவரால் முடியாது. அன்று வகுப்பு முடியும்வரை என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க இயலவில்லை.

இந்த மண்ணில் பற்றறுப்பைப் போதிப்பவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2009இல் முடிந்த போரின் கடைசி மாதங்களில் பரந்தனிலிருந்தும் தருமபுரத்திலிருந்தும் புதுக்குடியிருப்பு ஊடாக முள்ளிவாய்க்கால்வரை நடந்தவர்கள் முதலில் அலுமாரியை விட்டார்கள், பிறகு சைக்கிளை, பிறகு சமையற் பாத்திரங்களை, கடைசியில் உடுபுடவைப் பையையும் விட்டார்கள். அவர்களுள் ஒருவர் இன்று தவணைக்கு ஒரு கட்டில் வாங்கி அதைத் தினமும் துடைத்து வைத்தால், அதை ஆசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விரும்பித் துறந்தவருக்கும் பறிகொடுத்தவருக்கும் ஒரே பாடத்தை ஒரே குரலில் நடத்துவது தகாது.

ஆகவே உங்களிடம் நான் பணிவாகக் கேட்பது இதுதான். எந்த உடையும் எந்தப் பாயும் போதும் என்று அறிவித்தலில் எழுதுங்கள். வழுக்காத விரிப்புகள் சிலவற்றை மண்டபத்திலேயே பொதுவாக வைத்து, முழங்கால் நோவும் நாரிப்பிடிப்பும் உள்ளவர்களுக்கு முதலில் கொடுங்கள். படம் எடுப்பதானால் எல்லோரும் வழமையாக இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். இவற்றுக்கு முன்னதாக, அந்த அக்காவின் வீட்டுக்கு ஒருமுறை போய், திரும்ப வரும்படி நீங்களே நேரில் அழையுங்கள். வழி காட்ட நான் கூட வருகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் வகுப்பில் இரண்டாம் வரிசையில் இருக்கும் ஒருத்தி