நாட்குறிப்பும் நாவலும்

அன்பு மகள் கயல்விழிக்கு,

நலம், உன் நலனறிய ஆவல். நிலவனுக்குக் கோடை விடுமுறையில் இரண்டாம் உலகப்போரின்போது நாஜிகளுக்கு அஞ்சி ஆம்ஸ்டர்டாமில் குடும்பத்தோடு ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைத் தருவதா, அதே காலத்து ஜெர்மனியில் நடக்கும் மார்க்கஸ் சூசாக்கின் ‘த புக் தீஃப்’ நாவலைத் தருவதா என்று கேட்டிருந்தாய். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

சூசாக்கின் நாவலில் கதை சொல்வது மரணம். யார் சாகப்போகிறார்கள் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுவதால், சிறுவன் ரூடி இறக்கும் இடத்தில் நான் அழுதேன் என்றாலும், அந்த அழுகைக்கு ஆசிரியர் என்னை ஏற்கெனவே ஆயத்தப்படுத்தியிருந்தார். ஆனின் எழுத்தில் அந்தத் தயவு இல்லை. 1944 ஆகஸ்ட் 1 அன்று, தனக்குள் முரண்பட்டு நிற்கும் இரண்டு ஆன்களைப் பற்றி எழுதுகிறாள். 4ஆம் தேதி, ஒளிந்திருந்த எல்லோரையும் நாஜிகள் பிடித்துச் செல்கிறார்கள். அவ்வளவுதான்.

அவளைப் பரிதாபத்துக்குரிய சிறுமியாக மட்டும் படிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதே ஆண்டு மார்ச்சில், போர்க்கால நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் மக்கள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று நெதர்லாந்து அமைச்சர் ஒருவர் லண்டனிலிருந்து வானொலியில் கேட்டுக்கொண்டதைக் கேட்டு, தன் பழைய பதிவுகளையெல்லாம் நூலாக்கும் நோக்கத்தோடு தனித்தாள்களில் திருத்தி எழுதத் தொடங்கியவள் அவள். சொற்களை வெட்டவும் சேர்க்கவும் தெரிந்த ஓர் எழுத்தாளரைத்தான் நாம் படிக்கிறோம். நாஜி வதைமுகாமிலிருந்து உயிருடன் மீண்ட அவள் தந்தை ஓட்டோ, அதைப் படித்த பிறகே மகளின் மன ஆழத்தை அறிந்ததாகப் பின்னாளில் சொன்னார். பிள்ளை பெற்றவளாக என்னால் அந்தச் செய்தியை எளிதில் கடந்து போக முடியவில்லை, அம்மா.

நாவலையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. நாட்குறிப்பில் ஒளிந்திருப்பவர்களின் அறையிலிருந்து உலகைப் பார்க்கிறோம். நாவலிலோ, மாக்ஸ் என்ற யூத இளைஞனை நிலவறையில் ஒளித்து வைத்த ஜெர்மானியக் குடும்பம் ஒவ்வொரு கதவுத் தட்டலுக்கும் நடுங்குவதை உள்ளிருந்து உணர்கிறோம். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வளர்ந்த பெற்றோர் சொன்ன போர்க்கால நினைவுகளைக் கேட்டு சிட்னியில் வளர்ந்தவர் சூசாக் என்பதால், அந்த அச்சம் வெறும் கற்பனையாகத் தோன்றவில்லை.

ஆகவே நிலவனுக்கு நாட்குறிப்பை முதலில் கொடு. முன்னுரையைக் கடைசியில் படிக்கச் சொல். ஆனோடு சண்டையிட்டு, சிரித்து, அவளுடைய எரிச்சல்களையும் காதலையும் அறிந்த பிறகு அவள் முடிவு அவனுக்குத் தெரியட்டும். நாவலை அடுத்த விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா