காப்பித் தோட்டத்தில் ஒரு தியான இல்லம்: திருப்பணி நிறைவு அறிக்கை

பங்கு மக்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் திருப்பணிக் குழுவின் அன்பு வணக்கம். ஏற்காடு தியான இல்லத்தின் வேலைகள் முடிந்து, அர்ச்சிப்பும் நடந்தேறிவிட்டது. உங்கள் காணிக்கை எந்தெந்த வேலைக்குப் பயன்பட்டது, எதை எதற்காக இப்படிச் செய்தோம் என்பதை உங்களிடம் சொல்வது எங்கள் கடமை.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். பின்னர் மலையெங்கும் உருவான தோட்டங்களில் இதுவும் ஒன்று. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் பாதுகாத்து வந்த நிலம். விடுதி கட்டக் கேட்டு வந்தவர்களுக்கு அவர்கள் விற்றிருக்கலாம். ஆண்டவரின் பணிக்கென்று கொடுத்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: தோட்டம் தோட்டமாகவே இருக்க வேண்டும். அந்த ஒரு வரியை முன்வைத்துத்தான் வரைபடத்தின் ஒவ்வொரு கோட்டையும் போட்டோம்.

தோட்டச் சரிவின் மேல் அடுக்கில் ஆயிரம் பேர் அமரும் கூடம் வேண்டும், கார் நிறுத்தச் சில்வர் ஓக் மரங்களை எடுத்துவிடலாம் என்று உறுப்பினர்களில் சிலர் கேட்டார்கள். நல்லெண்ணத்தோடு கேட்டதுதான், ஆனாலும் குழு இணங்கவில்லை. இங்குள்ள அராபிக்கா வகைக் காப்பி நிழலில் வளரும் செடி. மரம் போனால் வெயில் செடியைக் கருக்கும், மழை மண்ணை இறக்கிவிடும், மிளகுக் கொடிக்கும் பிடிப்பு இருக்காது. மேலும், கூட்டம் கூட்டுவதற்கு ஊரில் இடம் உண்டு. சீடர்களைத் தனிமையான இடத்துக்குப் போய்ச் சற்று ஓய்வெடுக்கச் சொன்ன ஆண்டவரின் அழைப்புக்கு (மாற்கு 6:31) ஏற்ற இடமாக இது இருக்க வேண்டும் என்பதே எங்கள் முடிவு. புனித இஞ்ஞாசியார் முறையில் எட்டு நாள் மௌன தியானம் செய்ய வருபவருக்குப் பெரிய கூடத்தைவிட நடந்து போக ஒரு நிழல் பாதை அதிகம் உதவும்.

அதிகக் காலமும் உழைப்பும் பிடித்தது கல் வரப்பு வேலை. சரிவு முழுவதும் முன்னோர் சாந்து பூசாமல் கல்லை மட்டும் அடுக்கி வரப்புகள் கட்டியிருந்தார்கள். பல இடங்களில் அவை சரிந்து கிடந்தன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கான்கிரீட் தடுப்புச் சுவர் எழுப்பினால் சீக்கிரம் முடியும் என்று எங்களுக்கு ஆலோசனை வந்தது. தோட்டத்தில் வேலை செய்து நரைத்த பெரியவர்கள் அதை மறுத்தார்கள். சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் மண் கனத்துச் சுவரையே தள்ளும். அடுக்குக் கல்லின் இடுக்கில் தண்ணீர் கசிந்து வெளியேறிவிடும் என்றார்கள். அவர்களையே மேற்பார்வைக்கு வைத்துப் பழைய கல்லைக் கொண்டே மறுபடி அடுக்கினோம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சேலம்–ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மழையிலும் புதிதாக அடுக்கிய வரப்புகள் அசையவில்லை. அந்தக் கைகளுக்கு இந்தப் பங்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

பழம் தோலுரிக்கும் பல்பர் கூடம் இப்போது சிற்றாலயம். அதன் வாசலில் கிடந்த கருங்கல் பலகையே பீடம். காப்பிக்கொட்டை கழுவிய தொட்டிகள் மழைநீர் சேமிக்கின்றன. கோடையில் மலையில் தண்ணீர் எவ்வளவு அரிது என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். உலர்களத்தை அப்படியே விட்டுவிட்டோம். அறுவடைக் காலத்தில் பழம் காயும், மற்ற நாளில் மாலை ஜெபம் நடக்கும். சிலுவைப் பாதையின் 14 நிலைகளும் பழம் பறிக்கப் போகும் பழைய தடத்தின் ஓரமாகவே நிற்கின்றன.

விருந்தினர் அறைகளுக்கு முன்பே தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடுகளின் கூரையையும் கழிப்பறையையும் சரிசெய்தோம். இந்த நிலத்தில் வியர்வை சிந்தியவர்கள் ஒழுகும் கூரையின் கீழ் இருக்க, பக்கத்தில் நாம் தியானம் செய்வது முறையாகாது. தோட்டத்தின் ஊடாகச் செல்லும் ஒற்றையடிப் பாதைக்கும் வேலியோ கதவோ போடவில்லை. இம்மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் மே மாதம் சேர்வராயன் கோவில் திருவிழாவுக்கு அந்த வழியாகத்தான் நடந்து போகிறார்கள். அவர்கள் கால் பட்டு உண்டான பாதை அது; என்றும் திறந்தே இருக்கும் என்று தீர்மானம் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறோம்.

சுற்றுலாக் காலத்தில் அறைகளை வாடகைக்கு விட்டால் நல்ல வருமானம் வரும் என்பது உண்மை. விட மாட்டோம். காப்பியும் மிளகும் விற்று வரும் தொகை சமையலறைச் செலவுக்கும் தோட்டக் கூலிக்கும் போகும். பற்றாக்குறைக்கு உங்களிடம்தான் வருவோம்.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளும் பங்கு அலுவலகத்தில் உள்ளன; யாரும் வந்து பார்க்கலாம். முதல் தியானங்களைத் தவக்காலத்தில் வைத்திருக்கிறோம். கோடை மழை விழுந்தால் காப்பி பூக்கும் பருவமும் அதுவே. நவம்பர் முதல் ஜனவரி வரை அறுவடை என்பதால் சிறு குழுக்களை மட்டுமே ஏற்போம். விரும்புகிறவர்கள் காலையில் பழம் பறிக்கவும் சேரலாம். பிரதான சாலையிலிருந்து இல்லம் வரையிலான மண்பாதையில் இன்னும் விளக்கு போடவில்லை. முதியோரை அழைத்து வருபவர்கள் பொழுது சாய்வதற்குள் வந்து சேருங்கள். கம்பளியும் டார்ச் விளக்கும் கொண்டு வாருங்கள்.

திருப்பணிக் குழுவினர்