நெய்யும் தீக்குறளையும்

செல்வமகளுக்கு அப்பா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது.

மார்கழி முழுவதும் நெய்யும் பாலும் தொடுவதில்லை என்று நீ சங்கல்பம் செய்துகொண்டதாக அம்மா சொன்னாள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் நீ அந்த நோன்பை எடுத்துக்கொண்ட பாசுரம் நெய்யோடும் பாலோடும் நின்றுவிடவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். திருப்பாவையின் 2-ஆம் பாசுரத்தில் 'நெய்யுண்ணோம் பாலுண்ணோம்' என்று விலக்குகளைத் தொடங்கும் ஆண்டாள், மையையும் மலரையும் விலக்கிவிட்டு, 'தீக்குறளை சென்றோதோம்' என்கிறாள். குறளை என்றால் கோள். 27-ஆம் பாசுரத்தில் நோன்பு முடிந்து, விட்ட நெய் முழங்கை வழியத் திரும்பி வருகிறது. பால் சோறாக வருகிறது. தோடும் தோள்வளையும் கூட வருகின்றன. கோள் மட்டும் திரும்பி வருவதில்லை. அதை விட்டது 30 நாளுக்காக அல்ல என்றுதான் நான் படிக்கிறேன்.

இதை நான் காலம் கடந்தே புரிந்துகொண்டேன். ஏகாதசியன்று தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு என்பது உனக்குத் தெரியும். ஒரு துவாதசிக் காலையில், உபவாசத்தை முடிக்கும் பாரணைச் சாப்பாட்டுக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் இலையில் விழுந்ததும், முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு, "இதில் உப்பு என்று ஒன்று போட்டாயா?" என்று கேட்டேன். அம்மாவும் முந்தின நாள் முழுவதும் பட்டினி கிடந்தவள். விடியுமுன் எழுந்து சமைத்தவள். ஒன்றும் சொல்லாமல் உப்பு ஜாடியை எடுத்து வந்து வைத்தாள். அவள் கை லேசாக நடுங்கியது பசியினாலா என் சொல்லினாலா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

உண்மையைத்தானே சொன்னேன் என்று வெகுநாள் சமாதானம் செய்துகொண்டேன். கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில் 8 முதல் 10 வரையுள்ள சுலோகங்கள் உணவைப் பகுத்துக் காட்டுகின்றன. 15-ஆவது சுலோகம் வாக்கின் தவத்தைச் சொல்கிறது. அங்கே சொல் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. கேட்பவர் மனத்தைக் கலக்காததாகவும், இனியதாகவும், நன்மை தருவதாகவும் இருக்க வேண்டும். என் உப்புக் கேள்வி உண்மை ஒன்றில் மட்டுமே தேறியது.

அதற்காக மௌன விரதம் இருக்கச் சொல்லவில்லை. சிலேட்டில் எழுதிக் காட்டிக் கோபப்படுகிற மௌனிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் தொலைபேசியில் உன் அலுவலகத் தோழியைப் பற்றி நாம் அரைமணி நேரம் பேசினோமே, அதில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு; சொல்லப்போனால், மேலும் மேலும் கேட்டவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தால், அப்பா என்று தயங்காமல் நிறுத்திவிடு.

அன்புடன்,
அப்பா